தொலைவில் பிறக்கும் தீர்மானம்

வைராக்கியத்தின் வகைகளைப் பற்றிப் பேசும்போது குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் ஒருவனைக் குறிப்பிடுவதுண்டு. குடும்பத் தொல்லைகளால் மனம் வெதும்பிய அவன் காவி உடுத்துக் காசிக்குப் போய்விடுகிறான். பல நாட்கள் அவனிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பிறகு வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. கவலைப்பட வேண்டாம், இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறான்! இதை ‘மர்க்கட வைராக்கியம்’, அதாவது குரங்கின் வைராக்கியம் என்பார் குருதேவர். அவரே இன்னொருவனைப் பற்றியும் சொல்வார். அவன் குளிக்கப் புறப்பட்டுத் தோளில் துண்டோடு நிற்கிறான். துறவைப் பற்றி மனைவியோடு பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு முடிந்த கணத்தில், தோளில் கிடந்த துண்டோடு அப்படியே வெளியேறுகிறான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருவரும் வீட்டைத் துறந்தவர்களே. புறப்பட்ட முதல் நாளில் இவர்களுக்குள் என்ன வேறுபாடு என்று அண்டை வீட்டாரால் சொல்லியிருக்க முடியாது. போகிறவனுக்கே அது தெரிந்திருக்குமா என்பதும் ஐயமே. காசியிலிருந்து கடிதம் எழுதியவன் பொய்யனாகத்தான் இருந்தான் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. புறப்பட்ட அன்று அவனும் மனமார அழுதிருக்கலாம்.

இந்தப் பழைய கேள்வி இன்று புதியதோர் உருவில் நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. படித்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஓராண்டு, ஈராண்டு என அயல்நாடுகளுக்குத் தொண்டாற்றச் செல்கிறார்கள். பள்ளிகளில் கற்பிக்கிறார்கள், மருத்துவ முகாம்களில் உழைக்கிறார்கள், கிணறு தோண்ட உதவுகிறார்கள். அங்கே இருக்கும்போது, வீட்டில் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்ட கேள்விகள் ஒரே இரவில் விடை கண்டுவிட்டதுபோல் தோன்றுகின்றன. தொழிலை விடுவதா, மணம் புரிவதா, மறுப்பதா, அங்கேயே தங்கிவிடுவதா, மடத்தில் சேர்வதா? தாய்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி வருகிறது: “நான் முடிவெடுத்துவிட்டேன்.” இந்த முடிவு காசிக் கடிதமா, தோளில் துண்டா?

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டிப் பீன்யா இருக்கிறது. 1970களில் வளரத் தொடங்கிய இத்தொழிற்பேட்டை, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 2014ஆம் ஆண்டில் மெட்ரோ ரயிலும் அங்கே வந்துசேர்ந்தது. உயரத்தில் ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பவருக்குத் தகரக் கூரைகள்தாம் தெரியும். கூரைகளின் கீழே லேத்துகளும் மில்லிங் இயந்திரங்களும் சுழல்கின்றன. பவுடர் கோட்டிங் அடுப்புகள் எரிகின்றன. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் வரிசை வரிசையாக அமர்ந்து தைக்கிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்துதரும் சிறு பட்டறைகள் இங்கே ஏராளம். அவற்றில் பலவற்றில் முதலாளிதான் முதல் தொழிலாளி. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று ஒரே தேநீர்க் கடையில் ஐந்து மொழிகள் கேட்கும்.

இத்தகைய பட்டறை ஒன்றின் உரிமையாளருக்கு ஒரு மகன் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அவன் கற்பனைதான், எனினும் அவனை ஒத்தவர்களை வாசகர்கள் தம் உறவினரிடையே கண்டிருப்பார்கள். தந்தை தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, பிறரிடம் வேலை செய்து, பிறகு கடன் வாங்கி இரண்டு லேத்துகளோடு பட்டறை தொடங்கியவர். மகன் பொறியியல் படித்தான். சில ஆண்டுகள் பட்டறையில் நின்றான். பிறகு ஓராண்டு கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத் தொழிற்பள்ளியில் இயந்திரப் பணி கற்பிக்கத் தொண்டனாகச் சென்றான். ஆறாம் மாதத்தில் அவனுக்குத் தெளிவு பிறக்கிறது. பீன்யாவின் வாழ்க்கை தனக்குரியதன்று. பட்டறையை விற்றுவிடலாம். தனக்குப் பேசிவைத்திருக்கும் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தான் இங்கேயே இருந்துவிட வேண்டும்.

அந்தத் தெளிவை உடனே ஏளனம் செய்வது நம் வீடுகளில் வழக்கம். “அங்கே போய் யாரோ மனத்தைக் கெடுத்துவிட்டார்கள்” என்பார்கள். இது சரியன்று. தொலைவு மனத்துக்கு உண்மையிலேயே ஒரு நன்மை செய்கிறது. வீட்டில் இருக்கும்வரை நாம் மகன், மாப்பிள்ளை, அண்ணன், முதலாளி வீட்டுப் பிள்ளை. இந்த அடையாளங்களின் இரைச்சலில் உள்ளிருந்து வரும் குரல் காதில் விழுவதில்லை. யாரும் அறியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்கு எழுத்தறிவிக்கும்போது, அந்த இரைச்சல் சற்று அடங்குகிறது. நம் முன்னோர் தீர்த்த யாத்திரையை வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அதே தொலைவு ஒன்றை மறைக்கவும் செய்கிறது. அந்த முடிவுக்கு விலை கொடுக்கப்போகிறவர்களின் முகம் அங்கே தெரிவதில்லை. விருந்தாளியாக வாழ்பவனுக்கு வாடகைக் கவலை இல்லை, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் நாள் அவனை உறுத்துவதில்லை. தாயின் முழங்கால் வலி வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் வரும் ஒரு சொல்லாக மட்டும் இருக்கிறது. தொண்டு செய்யப்படும் இடத்திலோ அவனுக்கு மரியாதை கிடைக்கிறது, நன்றி கிடைக்கிறது. பீன்யாவில் அவனுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. “பிட்ச் தப்பாக இருக்கிறது” என்று திருப்பி அனுப்பப்பட்ட திருகுகள்தாம் அங்கே அவனுக்குக் கிடைத்த மறுமொழி. எனவே அவன் கண்டடைந்தது தன் உண்மையான கடமையையா, அல்லது தன்னைப் போற்றும் ஓர் இடத்தையா என்று கேட்பதில் தவறில்லை.

இதைச் சிந்திக்க நம் நாட்டு வரலாற்றிலேயே தெளிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1906ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் தலைவரியை எதிர்த்து ஜூலு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அப்போது 36 வயதான காந்திஜி, காயமுற்றோரைச் சுமந்து செல்ல இந்தியத் தொண்டர் படை ஒன்றை அமைத்தார். இருபது பேர் அளவிலான சிறிய படை அது. அதில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று, ஒப்பந்தம் முடிந்தவர்கள். பிரிட்டிஷ் அரசுக்குத் தம் விசுவாசத்தைக் காட்டும் கடமையாகவே காந்திஜி இதைத் தொடங்கினார். களத்தில் அவர் கண்டதோ வேறு. அது போர் அன்று, மனித வேட்டை என்று பிற்காலத்தில் அவர் வருந்தி எழுதினார். சவுக்கடி பட்டு, புண்கள் அழுகிக் கிடந்த ஜூலுக்களைத் தொட்டுச் சிகிச்சை செய்ய வெள்ளையர் முன்வரவில்லை. இந்தியத் தொண்டர்கள் அந்தப் பணியை ஏற்றார்கள்.

மக்கள் அருகிப்போன அந்தக் குன்றுகளிடையே, தூக்குக் கட்டிலைச் சுமந்தும் சுமையின்றியும் நெடுந்தூரம் நடக்கும்போது, காந்திஜி தம் வாழ்வைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தார். சமூகத் தொண்டுக்கே தம்மை முழுவதும் அளிப்பதாயின், மேலும் மேலும் பிள்ளைகளைப் பெற்றுக் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பது இயலாது என்ற முடிவுக்கு வந்தார். வாழ்நாள் முழுவதும் பிரம்மசரியம் காப்பது என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது. அயலார் பூமியில், தொண்டின் நடுவே, வாழ்வையே மாற்றும் தீர்மானம்!

இங்கே கவனிக்க வேண்டியது அடுத்த படி. அவர் குன்றின்மீதே விரதம் பூண்டுவிடவில்லை. படை கலைந்தபின் பீனிக்ஸ் குடியிருப்புக்குத் திரும்பினார். உடன் உழைத்தவர்களிடம் இதைப் பற்றி விவாதித்தார். கஸ்தூரிபாவிடம் கேட்டார், அவர் மறுப்புச் சொல்லவில்லை. அதன் பிறகே விரதம் ஏற்றார். அது எவ்வளவு கடினம் என்பதையும் ஏற்கும்போதே உணர்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார். எண்ணம் மலையில் பிறந்தது. விரதமோ வீட்டில், அதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் ஒருவரின் முன்னிலையில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில் சத்தியாக்கிரகத்துக்கு வித்திட்ட உறுதிமொழி எடுக்கப்பட்டபோது, இந்த விரதம் அதற்குத் தம்மை ஆயத்தப்படுத்தியதாகவே அவர் பின்னர் கருதினார்.

இதில் நம் மனத்தை உறுத்தும் ஓர் இடமும் உண்டு. அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. இந்தச் சிந்தனை சில ஆண்டுகளாகவே காந்திஜியின் உள்ளத்தில் இருந்தது. மனைவியிடம் அதை அவர் முன்பு பகிர்ந்துகொள்ளவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால், முடிவு ஏறத்தாழ முதிர்ந்த பிறகு கேட்கப்பட்ட கேள்வி எவ்வளவு தூரம் கேள்வி? மறுப்பில்லை என்ற மௌனத்தில் எவ்வளவு சம்மதம் இருந்தது? கஸ்தூரிபாவின் சொற்களில் இதற்கு விடை நமக்குக் கிடைக்கவில்லை. மகாத்மாக்களின் வாழ்விலும் இல்லத்தரசியின் குரல் இவ்வளவு மெல்லியதாகவே பதிவாகியிருக்கிறது என்றால், நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் படையில் நடந்த ஏனைய தென்னிந்தியத் தொழிலாளர்களும் அதே குன்றுகளைத்தான் கண்டார்கள், அதே புண்களைத்தான் கழுவினார்கள். அவர்கள் உள்ளத்தில் என்னென்ன தீர்மானங்கள் எழுந்தனவோ!

இன்னொரு சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1890களின் தொடக்கம், திண்டிவனம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கட்டர், நோயுற்ற தாய்க்கு உதவுவதற்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். பிறந்தது 1870இல் ராணிப்பேட்டையில் என்றாலும், இந்தியாவின் பஞ்சமும் வறுமையும் அவருக்கு அச்சமூட்டின. மிஷனரி வாழ்க்கை தனக்கு வேண்டாம், விரைவில் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு உயர்குல இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். தந்தை வருகிறார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வரக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

மருத்துவராகித் திரும்பி வருவேன் என்று ஐடா அன்று முடிவெடுத்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த இரவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவு உணர்ச்சிகரமானது அன்று என்பதால் இருக்கலாம். அவர் கப்பலேறி அமெரிக்கா சென்றார். உடலமைப்பியல், வேதியியல், தேர்வுகள் என்று ஆண்டுகள் கழிந்தன. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். அவருக்கு வழிகாட்டியிருக்க வேண்டிய தந்தை அவ்வாண்டே காலமானார். 1902இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று சி.எம்.சி. என்று நாடறிந்த நிறுவனம் இப்படி வளர்ந்ததே. அந்த இரவின் கண்ணீர் காயாமல் இருந்திருக்க முடியாது. அது காய்ந்த பிறகும் அவர் பாடப் புத்தகங்களைத் திறந்துகொண்டிருந்தார் என்பதுதான் வியப்பு.

அந்த மூன்று பெண்களும் ஐடாவுக்கு ஒரு வாழ்க்கைக் குறிக்கோளைத் தருவதற்காக இறந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொடிய பேச்சு. அவர்களுக்குத் தாய்மார் இருந்தனர். ஒரு வாழ்வு இருந்தது. தொண்டாற்றச் செல்பவன் பிறருடைய துன்பத்தைத் தன் முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. “இந்த ஏழைகளால் நான் என்னைக் கண்டுகொண்டேன்” என்று ஊர் திரும்பியவர்கள் பேசக் கேட்கிறோம். அந்த ஏழைகள் அவனிடமிருந்து என்ன பெற்றார்கள் என்ற கணக்கு அப்பேச்சில் வருவதில்லை. சுவாமி விவேகானந்தர் ஜீவ சேவையைச் சிவ பூஜை என்றார். பூஜைக்குச் சென்றவன் தன் ஜாதகத்துக்குப் பலன் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர்.

உயர்ந்த சொற்களில் வருவதாலேயே ஒரு முடிவு உயர்ந்ததாகிவிடாது என்பதைப் பகவத் கீதையின் தொடக்கமே காட்டுகிறது. குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் எடுத்த முடிவு என்ன? உறவினரைக் கொன்று அரசாள்வதைவிடப் பிச்சையேற்று வாழ்வது மேல் என்பது. கேட்பவருக்கு இது துறவியின் வாக்காகவே தோன்றும். பகவான் ஸ்ரீகிருஷ்ணர் அதை மனத்தளர்ச்சி என்று கண்டார். ஏனெனில் அந்தப் பேச்சு அவனது வழக்கமான இயல்பிலிருந்து எழவில்லை. நடுங்கும் கைகளிலிருந்தும் வறண்ட வாயிலிருந்தும் எழுந்தது. ஆயினும் பகவான் அவனுக்கு ஆணையிட்டு வாயை அடைக்கவில்லை. பதினெட்டு அத்தியாயங்கள் பொறுமையாகப் பேசி, இறுதியில் எல்லாவற்றையும் ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பை அர்ஜுனனிடமே விட்டுவிட்டார். பிள்ளைகளின் முடிவுகளை எதிர்கொள்ளும் பெற்றோர் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கலாம்.

பீன்யாப் பட்டறைக்காரரின் மகன் என்ன செய்ய வேண்டும்? தன் தெளிவை அவன் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டு தந்தையின் முன் வந்து நிற்க வேண்டும். தொலைபேசியில் அறிவிப்பது எளிது; இணைப்பு விட்டுப்போனால் பேச்சும் முடிந்துவிடும். லேத்தின் எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே, கடன் பத்திரத்தைப் பார்த்தபடி, பதினைந்து ஆண்டுகளாக அங்கே உழைக்கும் பணியாளின் முகத்தைப் பார்த்தபடி அதே முடிவைச் சொல்ல முடிகிறதா? பேசிவைத்த பெண்ணிடம், அவளுடைய காத்திருப்புக்கும் மதிப்பளித்து, நேரில் உண்மையைச் சொல்ல முடிகிறதா? சில மாதங்கள் பழைய வேலையைக் குறையின்றிச் செய்தபடியே அந்த எண்ணம் உயிரோடிருக்கிறதா? அது வாடிவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை; விடுமுறைக்கால ஆசை விடுமுறையோடு போயிற்று. வாடாவிட்டால், அவனைத் தடுக்கத் தந்தைக்கு உரிமையுண்டா என்பதே அடுத்த கேள்வியாகும். அப்போது சிந்திக்க வேண்டியவர் தந்தை. இரண்டு லேத்துகளைத் தன் உடலின் நீட்சியாகவே வளர்த்தவருக்கு அது சிறிய வேதனையன்று. ஆனால் மகனுடைய வாழ்வு பட்டறையின் உதிரிபாகமும் அன்று.

அவன் விட்டுவந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. பாதியில் வந்துவிட்டால் அங்கே லேத்தை இயக்கக் கற்பிப்பவர் யார்? ஓராண்டு என்று வாக்களித்தவன் ஓராண்டை முடித்துவிட்டுத்தான் தன் வாழ்வைப் பற்றிப் பேசத் தகுதி பெறுகிறான். துறவு நாடி வருவோரையும் மடங்கள் வந்த அன்றே காவி உடுத்திவிடுவதில்லை. பாத்திரம் துலக்குவதிலும் கணக்கு எழுதுவதிலும் பல ஆண்டுகள் கழிந்த பிறகே சன்னியாசம் அளிக்கிறார்கள். வேகத்தின்மீது அவநம்பிக்கை என்று இதைக் கருதக் கூடாது. விதைக்கு மண்ணுக்கடியில் இருளில் கிடக்கும் காலமும் தேவைப்படுகிறது.

இத்தகைய முடிவை எப்படி வரவேற்பது என்பதற்குச் சுவாமி விவேகானந்தர் 1897 ஜூலை 29 அன்று அல்மோராவிலிருந்து மார்கரெட் நோபிளுக்கு எழுதிய கடிதம் நிகரற்றது. லண்டனில் பள்ளி நடத்திவந்த அந்த ஐரிஷ் பெண்மணி இந்தியாவுக்குத் தொண்டாற்ற வர விரும்பினார். சுவாமிஜிக்கு அத்தகையவர் தேவை. அவர் அதை மறைக்கவில்லை. எனினும் கடிதத்தில் அழைப்பைவிட எச்சரிக்கையே மிகுதி. இங்குள்ள வறுமை, மூட நம்பிக்கை, வெள்ளையர்மீதுள்ள வெறுப்பு, வெள்ளையர்களே அவரை ஐயுறப்போவது, தாங்க முடியாத வெப்பம் எல்லாவற்றையும் அடுக்கினார். நன்றாகச் சிந்தித்துப் பார்க்கச் சொன்னார். அதன் பிறகு ஒரு வாக்குறுதி தந்தார். இந்தியாவுக்காக உழைத்தாலும் உழைக்காவிட்டாலும், வேதாந்தத்தை விட்டுவிட்டாலும் பற்றியிருந்தாலும், தாம் சாகும்வரை அவர் பக்கம் நிற்பதாக எழுதினார். வருபவரைத் தம்மோடு கட்டிப்போட விரும்பும் தலைவர் எவரும் இப்படி எழுதமாட்டார்.

மார்கரெட் 1898 ஜனவரி 28 அன்று கல்கத்தா வந்திறங்கினார். மார்ச் 25 அன்று பிரம்மசரிய தீட்சை பெற்று நிவேதிதை ஆனார். இரண்டே மாத இடைவெளி என்பதால் அவசரமாகத் தோன்றலாம். ஆனால் அதன்முன் லண்டனில் இரண்டாண்டுக்கும் மேற்பட்ட கேள்விகளும் வாதங்களும் இருந்தன. தீட்சையோடு போராட்டம் ஓய்ந்துவிடவுமில்லை. அந்த ஆண்டின் கோடையில் அல்மோராவில் குருவுக்கும் சிஷ்யைக்கும் இடையே கடுமையான கருத்து மோதல் மூண்டது. பிரிட்டிஷ் கொடிமீது அவருக்கிருந்த பற்றைச் சுவாமிஜி விடாமல் தாக்கினார். தாம் எதிர்பார்த்த அன்பான ஆசிரியர் எங்கே போனார் என்று நிவேதிதை கலங்கிய நாட்கள் அவை. அவர் கப்பலேறித் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கடிதத்தின் வாக்குறுதி அதற்கும் இடமளித்திருந்தது.

அவர் திரும்பவில்லை. நவம்பர் 13, காளி பூஜை நாளில், பாக்பஜாரில் அவருடைய சிறிய பெண்கள் பள்ளியை அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பிளேக் பரவியபோது, தெருக்களைத் துப்புரவு செய்யும் பணியில் அவர் இறங்கினார். 1902 ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி அடைந்த சில நாட்களில், அரசியல் பணி காரணமாகச் சங்கத்திலிருந்து முறைப்படி விலகவும் நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவின் வெளியுருவம் இப்படி மாறியது. துறவியரோடும் அன்னையோடும் இருந்த பாசம் மாறவில்லை. பாக்பஜார் வீட்டையும் அவர் விடவில்லை. 1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் மறையும்வரை அந்தப் பள்ளியின் கவலை அவரோடு இருந்தது. அது இன்றும் நடந்துவருகிறது.